செவப்புன்னா ரெட்டுதானுங்களே

அந்த ஷட்டரைக் கொஞ்சம் எறக்கி விட்டுக்கட்டுங்களா? இந்தப் பக்கம் உக்காந்தா வழி நெடுக வெயில் மூஞ்சியிலதான் அடிக்கும். போயி எறங்கறதுக்குள்ள கறுத்துப் போயிருவோம். ஆங், போதுமுங்க. நீங்க எது வரைக்கும்? பழனியா? அப்பச் சரி, உடுமலை வரைக்கும் ஒட்டுக்காத்தான் போறோம். நான் ஒரு பொண்ணைப் பாக்கப் போறேன். அய்யோ, அந்தப் பொண்ணு பாக்கறது இல்லீங்க, எனக்குக் கல்யாணமாகிக் கொழந்தை இருக்குது. இது ஆபீஸ்ல எங்கிட்ட வேலை பாத்த பொண்ணு. கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருச்சு. அது வாயால ஒரு வார்த்தை சொல்ல வெக்கோணும். அது சொன்னாத்தான் எனக்கு வேலை. எனக்கு மட்டுமில்லை, எங்க ஆபீஸ்ல நாப்பது பேரு சோறு அந்த ஒரு வார்த்தைல நிக்குது.

பையில என்னன்னு பாக்கறீங்களா? மைசூர்பாகுங்க. வெறுங்கையோட போக முடியுங்களா? நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க. அட எடுங்க, எனக்குத்தான் ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. நொம்ப நாளா இதே ரோதனை. அலுத்துப் போச்சுங்க.

உங்க ஊட்டுல பசங்க வீடியோ கேம் ஆடுவாங்களா? பேரனா? ஆமா, போனையே நோண்டிக்கிட்டு இருப்பானே, அதேதான். அதுக்குள்ள ஓடறவன், குதிக்கறவன், கடைவீதி, கூட்டம் இதெல்லாம் யாராச்சும் உக்காந்து செய்யோணுமில்லீங்களா? அந்த யாராச்சும் நாந்தான். மூஞ்சி செய்யறது என் சோலி. சரவணம்பட்டில ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க ஆர்டர் குடுப்பாங்க, நாங்க செஞ்சு அனுப்புவோம். வெள்ளைக்காரன், சீனாக்காரன், பேயி, பிசாசு, மூணு கண்ணு வெச்ச ராட்சசன், எல்லாம் செஞ்சாச்சு. ஒருத்தனும் ஒரு கொறை சொன்னதில்லை. நம்மூரு மூஞ்சி செஞ்சுதானுங்க நான் மாட்டிக்கிட்டேன்.

போன வருசம் ஐரோப்பாப் பக்கமிருந்து ஒரு கம்பெனி வந்துச்சு. எல்லாக் கேம்லயும் வெள்ளைக்காரனே ராசாவா இருக்கறான், மத்த சனமெல்லாம் ஓரத்துல நிக்குது, இனி அப்பிடி இருக்கக் கூடாது, உங்க சனத்தை நீங்களே செஞ்சு குடுங்கன்னு கேட்டாங்க. கேக்கவே எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா? எங்க எம்.டி. ஆபீஸ்ல எல்லாத்துக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. பழைய காலத்துத் தமிழ்நாட்டுத் துறைமுகப் பட்டணம். கப்பல், மொளகு மூட்டை, ராணி, வியாபாரிக, காவக்காரங்க. ராணியோட முத்துமாலையை ஒருத்தி திருடிட்டு ஓடிருவா. ஆடறவங்க அவளைத் துரத்திப் புடிக்கோணும். அதுதான் கதை.

அப்ப ஆபீஸ்ல எல்லாத்தையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்தோம். நம்ம மூஞ்சியத்தான செய்யப் போறோம், வெளியில எதுக்குத் தேடறது? ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு மூஞ்சி ராணிக்கு. எம்.டி. மூஞ்சி மந்திரிக்கு, அவரு ஆசைப்பட்டாரு. வணிகர் தலைவன் ஒருத்தன் வர்றான், பெரிய மீசை, பட்டு வேட்டி, அது நான். எம்மூஞ்சிதான். கலரை மட்டும் கொஞ்சம் ஏத்தி விட்டேன். லைட்டிங்குக்காகங்க. அந்தக் காட்சி தீவட்டி வெளிச்சம், இருக்கறபடியே விட்டா மூஞ்சி தெரியாது.

திருடிக்கு வெண்ணிலா மூஞ்சி. அதுதாங்க நான் பாக்கப் போற பொண்ணு. நல்ல வேலைக்காரி. துணி மடிப்பு, தலைமுடி, இதெல்லாம் அவளாட்டச் செய்ய ஆளில்லை. அவ சேந்த அன்னிக்கு ஆபீஸ்ல ஒரே சிரிப்பு. ஆளு நல்ல கருப்புங்க, பேரு வெண்ணிலா. 'கரண்ட் போனா உன்னை எங்க தேடறது'ன்னு பசங்க கேட்டானுங்க. தமாசுதான். அவளும்தான் சிரிச்சா. சிரிக்கலீன்னா நாங்க நிறுத்தியிருப்போமில்லீங்களா?

ஏன் அவ மூஞ்சின்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. கன்னத்து எலும்பு, கண்ணு, எல்லாம் ஒரு அழுத்தமா இருக்கும். ஒரு தடவை பாத்தா மறக்காது. திருடிக்கு அதுதான வேணும்? நான் அதைப் பெருமையாத்தான் செஞ்சேன். 'அண்ணா, என்னைய ஏன் இதுல போட்டீங்க'ன்னு ஒரு நாள் கேட்டா. 'கேம் பூராவும் உன்னையத்தாம்மா துரத்துவாங்க, கதாநாயகியே நீதான்'னேன். நேராப் போயி வேலையப் பாத்தா. ஒத்துக்கிட்டான்னுதான நான் எடுத்துக்குவேன்?

சரி, கலரு விசயத்துக்கு வர்றேன். சண்டையே அதுலதான்.

கேமுக்குள்ள ஒரு எடம் இருக்குது, ஆடறவங்களே அவங்களுக்கு ஒரு ஆளை உண்டாக்கிக்கலாம். மூக்கு, மீசை, உயரம் எல்லாம் மாத்திக்கலாம். கலருக்கு ஒரு கோடு, வெரலை வெச்சு இழுத்தா மாறும். ஒரு கடைசில செவப்பு, நடுவுல மாநிறம், அந்தக் கடைசில கருப்பு. அதுல நான் ஒரு வேலை பண்ணியிருந்தேன். கலரோட துணியைச் சேத்துக் கட்டி விட்டுட்டேன். செவப்புக்கு இழுத்தா பட்டு, கழுத்துல சங்கிலி. மாநிறத்துக்கு நல்ல பருத்தி. கருப்புக்கு இழுத்தா அழுக்குத் துண்டு, இடுப்புல சின்னக் கத்தி. ஏன்னா கடைவீதியில முந்நூறு பேரு நடக்கறாங்க, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாத் துணி மாட்டிக்கிட்டு இருந்தா விடிஞ்சுரும். கலரைப் போட்டா துணி தானா வந்துரும். பாதி நாள் வேலை மிச்சம். எம்.டி. கை குடுத்தாரு.

யாரு முடிவு பண்ணதுங்களா? யாரும் உக்காந்து முடிவெல்லாம் பண்ணலீங்க. தானா வந்துச்சு. அப்பிடித்தான பாத்துப் பாத்துப் பழகியிருக்கறோம்?

முன்னோட்டம் விடறதுக்கு மொத நாளு, அந்தக் கோட்டுல இருக்கற பேரையெல்லாம் இங்கிலீசுல குடுன்னு கேட்டாங்க. அவசரம். நானே உக்காந்து போட்டேன். கருப்புன்னா பிளாக். மாநிறத்துக்கு மீடியம்னு போட்டேன். செவப்புன்னா ரெட்டுதானுங்களே? ரெட்டுன்னு போட்டேன்.

சொல்லுங்க, பொண்ணு செவப்பா இருக்குதுன்னு தரகர் சொன்னா, தக்காளியாட்ட இருக்கும்னு யாராச்சும் நெனைப்பமா? நமக்குச் செவப்புன்னா வெளுப்பு. வெள்ளைக்காரனுக்கு அது தெரியுமா? அமெரிக்காவுல பழங்குடிச் சனத்தை முன்னாடி அப்பிடித்தான் சொல்லித் திட்டுவாங்களாம், ரெட்டுத் தோலுன்னு. அது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கோயமுத்தூரைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை. முன்னோட்டம் வந்த அன்னிக்கே வெளிநாட்டுக்காரங்க நெட்டுல ஆரம்பிச்சுட்டாங்க. இந்தக் கேமு இனவெறி புடிச்சது, தோலுக்கு ரெட்டுன்னு பேரு வெச்சிருக்கறாங்க, தடை பண்ணுன்னு. நான் அழாத கொறை. உக்காந்து ஒரு பெரிய விளக்கம் எழுதுனேன். அய்யா, எங்கூருல செவப்புன்னா அழகுன்னு அர்த்தம், நாங்க யாரையும் திட்டலைன்னு. எல்லாத்துக்கும் புரிஞ்சு போச்சு. மன்னிச்சுக்குங்கன்னு கூடச் சிலபேரு எழுதுனாங்க. ஜெயிச்சுட்டமுங்க.

கிணத்துக்கடவுங்களா இது? கூட்டம் ஏறுது பாருங்க. கொஞ்சம் இப்பிடித் தள்ளி வாங்க.

அதோட முடிஞ்சிருக்கோணுமில்லீங்களா? முடியலை. அந்த விளக்கத்தைப் படிச்சுட்டு நம்மாளுங்க கெளம்பிட்டாங்க. மதுரையிலயிருந்து ஒருத்தன், மலேசியாவுல இருந்து ஒருத்தி. 'செவப்புன்னா அழகுன்னு நீயே எழுதியிருக்கறயே, அதுதாண்டா எங்க கேள்வி'ங்கறாங்க. 'உன்ற கேமுல செவத்தவங்க எல்லாம் மாளிகைல இருக்கறாங்க, கறுத்தவங்க எல்லாம் சந்துல பதுங்கறாங்க, அந்தப் பட்டணத்துல தமிழன் எங்கடா'ங்கறாங்க. நல்ல கதையா இருக்குதே! கறுத்த ஆளு நல்லவனாவே இல்லையாமா. ஏன், காவக்காரன் ஒருத்தன் இருக்கறானே? வந்த ஒடனே செத்துருவான், அது வேற விசயம்.

எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இனவெறிங்கறது வெள்ளைக்காரன் கறுப்பனைப் பண்றது. செஞ்ச நானும் தமிழன், கேமுல இருக்கறவனும் தமிழன். ஒரே ஊட்டுக்குள்ள எங்கிருந்து இனவெறி வந்துச்சு? வெளியாளு திட்டுனா தாங்கிக்கலாங்க. நம்மாளு திட்டுனா மனசு விட்டுப் போகுது.

நீங்க என்னைப் பாருங்க. நான் என்ன செவப்பா? நான் மாநிறம். நீங்களும் என்னாட்ட மாநிறந்தான், வெயில்ல அலைஞ்சு கொஞ்சம் கறுத்திருக்கறீங்க, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு மீட்டிங் போட்டாங்க. கம்ப்யூட்டர்ல, மூஞ்சி பாத்துப் பேசறது. அதுல ஒரு அம்மா வந்தாங்க. ஒரு கேமுல எல்லாச் சனத்தையும் மரியாதையாக் காட்டியிருக்கறாங்களான்னு பாக்கறதுதான் அவங்களுக்கு வேலையாம். அதுக்கும் சம்பளம் குடுக்கறாங்க பாருங்க. அந்த அம்மா ஆப்பிரிக்கப் பக்கத்து ஆளு, சாந்தமாத்தான் பேசுனாங்க. கேமுல இருக்கற எல்லா மூஞ்சியையும் ஒரே படமா வெச்சுக் காட்டுனாங்க. 'மிஸ்டர் சம்பத், இதுல உங்களை மாதிரி இருக்கறது யாரு'ன்னு கேட்டாங்க.

இது என்னங்க கேள்வி? நான் ஒடனே வணிகர் தலைவனைக் காட்டுனேன். 'என்னை மாதிரி என்னங்க, நானேதான் அது, அச்சு அசலா எம்மூஞ்சி'ன்னேன்.

ஒருத்தரும் பேசலை. நெட்டு போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். 'நான் பேசறது கேக்குதுங்களா, கேக்குதுங்களா'ன்னு ரெண்டு மூணு தடவை கேட்டேன். 'கேக்குது'ன்னு அந்த அம்மா சொன்னாங்க. அப்பத்தான் வெண்ணிலா கேமராவை ஆன் பண்ணா. மீட்டிங்ல எப்பவும் கேமரா போடவே மாட்டா அவ, வெறும் பேரு மட்டுந்தான் இருக்கும். அன்னிக்குன்னு பாத்து போட்டா. அந்தப் பக்கம் படத்துல திருடி, இந்தப் பக்கம் அவ. ரெண்டும் ஒண்ணு. அவ ஒரு வார்த்தை பேசலீங்க. பேசியிருந்தாக் கூடப் பதில் சொல்லியிருப்பேன். சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

அந்த அம்மா கண்ணாடியக் கழட்டிக் கண்ணைத் தொடைச்சாங்க. எதுக்குன்னு எனக்கு இன்னமும் புரியலை. மூஞ்சி அவ்வளவு நல்லா வந்திருக்குதேன்னு பாராட்டோணுமா, அழுகோணுமா?

அடுத்த நாளே வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா. 'உங்க மேல கோவமில்லீங்ணா, முடியலை'ன்னு மட்டும் சொன்னா. கோவமில்லீன்னா எதுக்குப் போறது? அந்தக் கம்பெனிக்காரங்க ஒரே புடியா நிக்கறாங்க. அந்தப் பொண்ணு சம்மதத்தோடதான் அவ மூஞ்சிய எடுத்தீங்களா, அவளே வந்து சொல்லட்டும், இல்லீன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு. எங்க எம்.டி. என்னையக் கூப்புட்டு, 'சம்பத்து, நீ போட்ட முடிச்சு, நீயே அவுத்து விடு. அவளைக் கூட்டிக்கிட்டு வந்தா உள்ள வா, இல்லீன்னா வராத'ன்னுட்டாரு. கை குடுத்த அதே மனுசன். வீட்டுல சொல்லலீங்க இன்னும். கடன்ல கட்டுன வீடு, கொழந்தை படிப்பு. ராத்திரிக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.

சம்மதம் இல்லாம என்னங்க? போட்டோ எடுக்கறப்பச் சிரிச்சுக்கிட்டுத்தான நின்னா?

ஆனா ஒண்ணு, நான் சும்மா போகலை. சரி பண்ணிட்டுத்தான் போறேன். இந்தாங்க, போனைப் பாருங்க. இது பழைய திருடி. இது நான் இப்ப மாத்துனது. கலரை நல்லா ஏத்தி விட்டுட்டேன். செவச் செவன்னு எப்பிடி இருக்கறா பாத்தீங்களா? மூஞ்சி அவளோடதேதான், ஆனா ராணிக்கே சவால் விடற மாதிரி. எந்தப் பொண்ணுங்க இதைப் பாத்துச் சந்தோசப்படாது? நேத்தே அவளுக்கு அனுப்பி விட்டேன். 'நாளைக்கு நேர்ல வர்றேன்மா, இப்பத் திருப்தியா'ன்னு கேட்டு.

காலைல பதில் வந்துச்சு. படிக்கறேன் கேளுங்க. 'வாங்கண்ணா. கலரை மாத்த வேண்டாம். வேலைய மாத்துங்க, போதும்.'

பாத்தீங்களா? எத்தனை ஆட்டம் ஆடி, எத்தனை பேரு தூக்கத்தக் கெடுத்து, கடைசில எங்க வந்து நிக்குது? வேலைய மாத்தோணுமாம்! துணி மடிப்பு செய்யற வேலை பத்தலையாட்ட இருக்குது, டீம் லீடரு போஸ்டு கேக்கறா. நேரா வந்து கேட்டிருந்தா நானே எம்.டி. கிட்டச் சொல்லியிருக்க மாட்டனா? இனம், நிறம், மரியாதைன்னு இத்தனை பேரு கத்துனாங்களே, உள்ள பாத்தா இவ்வளவுதான் விசயம். சிரிப்பாத்தான் வருது. சிரிக்கக் கூடத் தெம்பில்லை.

வேற அர்த்தம் இருக்குமுங்களா? நீங்க ஏன் அப்பிடிக் கேக்கறீங்க? வேலைன்னா வேலைதான். திருடியோட வேலைய எப்பிடிங்க மாத்தறது? திருடலீன்னா அப்புறம் அவ திருடியே இல்லையே.

கோமங்கலம் தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

எங்க கனிஷ்கா பண்ணதைச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. எம் பொண்ணு, மூணாங்கிளாஸ். ஞாயித்துக்கெழமை எம்போனை எடுத்து வெச்சுக்கிட்டு, அந்த ஆளை உண்டாக்கற எடத்துல, 'அப்பா, உன்னையச் செய்யறேன்'னு உக்காந்துட்டா. மூக்கு வெச்சா, மீசை வெச்சா. கலருக்கு வந்தா. நான் மாநிறத்துல வெய்யி அம்முணின்னேன். அவ கேக்கலை. போனை எங்கன்னத்துக்குப் பக்கத்துல வெச்சு வெச்சுப் பாத்து இழுத்துக்கிட்டே போறா. 'இல்லப்பா, இன்னும், இன்னும்'ங்கறா. அந்தக் கடைசிக்கே போயிட்டா. அங்க போனா என்ன ஆகும்? துணி தானா மாறிரும். பருத்திச் சட்டை போயி அழுக்குத் துண்டு வந்துருச்சு, இடுப்புல கத்தி.

கொழந்தை மூஞ்சி சுருங்கிப் போச்சுங்க. 'அப்பா, நீ ஏம்ப்பா திருடனாயிட்டே?'

'அது செட்டிங் கண்ணு, கோட்டை இந்தப் பக்கம் இழு'ன்னேன். இழுத்தா. கத்தி போச்சு. இன்னும் இழுத்தா. பட்டு வேட்டி வர்ற வரைக்கும் விடாம இழுத்தா. பட்டு வந்ததும் கையைத் தட்டி, 'இப்பத்தான் நல்ல அப்பா'ன்னா. சொல்லியே குடுக்கலை, தானாக் கண்டுபுடிச்சுருச்சு. அந்தளவுக்கு ஈசியாச் செஞ்சு வெச்சிருக்கறேன். அதை யாராச்சும் பாராட்டுனாங்களா?

ஆனா அன்னிக்குப் பூரா எனக்கு ஒரு மாதிரியாவே இருந்துச்சுங்க. ஏன்னு தெரியலை. வேலை போயிருமோங்கற பயமாத்தான் இருக்கும்.

அந்த ரெண்டு படமும் போன்லதான் இருக்குது. அழிக்கலாம்னு போறப்பெல்லாம் கை வர மாட்டேங்குது. இந்தாங்க, காட்டறேன். இது பட்டு வேட்டி. இது அந்தத் துண்டு கட்டுனது. நீங்க மூணாவது மனுசன், உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. இதுல எது என்னாட்ட இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.

இதுவா?

இல்லீங்க, துணியப் பாத்துக் குழம்பாதீங்க. கத்தியப் பாக்காதீங்க. இருங்க, நானே கையை வெச்சு மறைச்சுக்கறேன். இப்ப மூஞ்சிய மட்டும் பாருங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றீங்களா?

சரி. சரி விடுங்க. உடுமலை வந்துருச்சு, எறங்கோணும். அந்த ஷட்டரை வேணும்னாத் தூக்கி விட்டுக்குங்க. நான் எறங்கிக்கறேன்.